மறு: 'லைட் ரயில்' – மென்தொடரியா, நகர்த்தொடரியா, இலகு ரயிலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். 'லைட் ரயில்' (light rail) எனப்படும் நகர ரயில் வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. ('தொடரி' என்றால் ரயில்.)

> 'மென்தொடரி' என்று வைக்கலாமே? எடை குறைந்த வண்டி என்று பார்த்ததுமே புரியும்.

எடையை வைத்துப் பெயரிட்டால் சிக்கல்தான் ஐயா. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உள்ள 'மெட்ரோலிங்' என்ற லைட் ரயில் சேவையில் இன்று ஓடும் வண்டி ஒன்றின் எடையே ஏறக்குறைய 40 டன். அதை மென்மை என்று எப்படிச் சொல்வது? 1972-இல் அமெரிக்க அரசின் நகர்ப் போக்குவரத்து அமைப்பு 'லைட் ரயில்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டபோது, 'லைட்' என்றது வண்டியின் எடையை அல்ல. மெட்ரோவைவிடக் குறைவான பயணிகள், எளிமையான கட்டமைப்பு, இதுதான் பொருள்.

இதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் மான்செஸ்டருக்குத் தெற்கே, ஆல்ட்ரிங்கம் என்ற ஊருக்கு முந்தைய 'நேவிகேஷன் ரோடு' நிலையத்தைச் சொல்வேன். ஆல்ட்ரிங்கம் பாதை 1849-இல் திறக்கப்பட்டது. 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் வந்தது, அதே ஆண்டில்தான் இந்தப் புறநகர் நிலையமும் வந்தது. 1971-இல் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். 1991 டிசம்பரில் மின்ரயிலை நிறுத்திவிட்டு, 1992 ஜூனில் அதே பாதையில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் மெட்ரோலிங்கை ஓட்டினார்கள்.

மாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். இந்த நிலையத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இருந்த இரண்டு தண்டவாளப் பாதைகளில் ஒன்றை மெட்ரோலிங்குக்குக் கொடுத்தார்கள், மற்றது வழக்கமான ரயிலுக்கு என்று ஆனது. ஆக, இப்போது ஒரு நடைமேடையில் மெட்ரோலிங், எதிர் நடைமேடையில் செஸ்டர் பக்கம் போகும் டீசல் ரயில். ஒவ்வொன்றும் தனக்கான ஒற்றைப் பாதையில் இரு திசையிலும் போய் வருகிறது. தண்டவாள அகலம் ஒன்றே, சாலையைக் கடக்கும் லெவல் கிராசிங்கும் பொதுதான். ஆனால் மெட்ரோலிங் வண்டி நகருக்குள் போனதும் தெருவில் இறங்கி, காரோடும் மனிதரோடும் சேர்ந்து ஓடும். எதிர் நடைமேடை ரயிலால் அது முடியாது. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது, எடையில் இல்லை.

> அப்படியானால் 'நகர்த்தொடரி' சரியாக இருக்குமே. ஜெர்மானியர்களும் 'ஷ்டாட்பான்' (நகர ரயில்) என்றுதானே சொல்கிறார்கள்.

அழகான சொல்தான் அம்மா, எனக்கும் பிடித்தது. ஆனால் தமிழில் மெட்ரோவும் நகர ரயில்தான், மின்சார ரயிலும் நகர ரயில்தான். 'புறநகர் நகர்த்தொடரி நிலையம்' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் தடுமாறிப் போவார்.

'டிராம்' என்றே விடலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மான்செஸ்டர்க்காரர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நமக்கோ டிராம் என்றால் 1953-இல் நின்றுபோன சென்னை டிராம் போலத் தெருவோடு தெருவாக ஓடுவது. பழைய ரயில் பாதையில் ஓடும் வண்டிக்கு அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும்.

என் வாக்கு 'இலகு ரயில்' என்பதற்கே. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைச் செய்திகளில் ஏற்கெனவே புழங்கும் சொல். 'இலகு' என்பதில் எளிமை என்ற பொருளும் இருப்பதால் எளிய கட்டமைப்பு என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. புழக்கத்தில் உள்ள நல்ல சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ரயிலுக்குப் பதில் தொடரி, தொடருந்து என்று எழுத விரும்புவோர் 'இலகு தொடருந்து' என்று வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், நிலையமா நிறுத்தமா என்ற கேள்வி. தனிப் பாதையில் உள்ள நேவிகேஷன் ரோடு போன்றவற்றை 'இலகு ரயில் நிலையம்' என்றும், நகருக்குள் தெருவில் நிற்குமிடங்களை 'இலகு ரயில் நிறுத்தம்' என்றும் பிரிக்கலாம் என்பது என் கருத்து. மெட்ரோலிங்கில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நாமும் அப்படியே செய்ய வேண்டுமென்பதில்லை.

நடுவில் மடங்கி வளையும்படி இரண்டு பெட்டிகள் இணைந்த வண்டிக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. 'மூட்டுப்பெட்டி' என்று பட்டறைப் பக்கம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேறு சொல் இருந்தாலும் எழுதுங்கள்.