அக்குபங்சருக்குத் தமிழ்ச்சொல்: குத்தூசியா, நுண்ணூசியா?

சயானிலிருந்து

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மும்பைத் தாராவியில் நடக்கவுள்ள மருத்துவ முகாமுக்காக நான் தமிழாக்கிவரும் ‘அக்குபங்சர் செய்துகொள்ளும் முன்’ என்ற துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வழக்கிலுள்ள ‘குத்தூசி மருத்துவம்’ என்பதையே எழுதி, தொண்ணூறடிச் சாலையில் இட்லி விற்கும் அம்மா ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “சாக்குல குத்திப் பாக்குற ஊசியையா உடம்புல குத்துவாங்க?” என்று பதறினார். அக்குபங்சர் ஊசியின் உறையைப் பிரித்து, தையலூசியைவிட மெலிந்த அந்தத் துளையில்லாக் கம்பியைக் காட்டியதும், “இதுல மருந்து எங்க இருக்கு?” என்றார். இவ்விரு ஐயங்களும் எழாத சொல் ஒன்று வேண்டும்.

முலுண்டிலிருந்து

‘குத்தூசி’ முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, அதைக் கைவிடுவானேன்? இலத்தீனில் ‘அகுஸ்’ என்றால் ஊசி, ‘புங்க்தூரா’ என்றால் குத்துதல். டச்சு மருத்துவர் வில்லெம் தென் ரைன 1683இல் வெளியிட்ட நூலின் வழியே ஐரோப்பாவில் பரவிய சொல்லுக்கு இதைவிட நேரான தமிழ் இல்லை. குத்தூசி கரடுமுரடாகப் பட்டால் சங்க இலக்கியம் இருக்கிறது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், மீன் தேடிக் குளத்தில் மூழ்கியெழும் சிரல் என்னும் மீன்கொத்தியைப்போல வீரர் மார்பின் புண்ணைத் தைக்கும் ‘நெடுவெள் ஊசி’யைப் பரணர் பாடுகிறார். ‘வெள்ளூசிப் பண்டுவம்’ என்று வைத்தால் என்ன? நோய்க்குச் சிகிச்சை செய்வதைப் பண்டுவம் பார்த்தல் என்பது தென்மாவட்டங்களில் இன்றும் பேச்சுவழக்கே.

செம்பூரிலிருந்து

பரணரின் ஊசி புண்ணைத் தைக்கும் ஊசி. இதுவோ எதையும் தைப்பதில்லை. சீனர் வழங்கும் ‘ஜென்ஜியூ’ என்ற பெயரில் ஊசியோடு, மூலிகையை எரித்துச் சூடு கொடுப்பதும் அடங்கும். ஆகவே இலத்தீன் பெயரே பாதிப் பெயர்தான். ‘வர்ம ஊசி’ என்று சிலர் எழுதுவதையும் ஏற்க முடியாது. தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என்று உடலின் உயிர்நிலைகளை எண்ணும் நம் வர்ம மரபு வேறு, 14 தடங்களில் 361 புள்ளிகளை வகுக்கும் சீன மரபு வேறு. மெல்லிய ஊசி என்ற பொருளில் ‘நுண்ணூசி மருத்துவம்’ போதும்.

சயானிலிருந்து

நுண்ணூசியை நன்றியோடு ஏற்கிறேன். என் கவலை அடுத்த சொல்லில்தான் இருக்கிறது. ‘மருத்துவம்’ என்று எழுதினால் மக்கள் ஊசிக்குள் மருந்தைத் தேடுவார்கள். செய்பவர் தானாகவே ‘மருத்துவர்’ ஆகிவிடுவார். எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர், பலகையில் அப்படிப் போட்டிருந்த ஒருவரை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, பத்தே நாளில் மருத்துவமனையில் கிடந்தார். மகாராட்டிரத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அக்குபங்சருக்கெனத் தனி மன்றமே இருக்கிறது. அதில் பதிவு பெற்றவரா, முத்திரையிட்ட புது ஊசியை நம் கண்முன் பிரிக்கிறாரா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்கிறோமா என்று கேட்கிறாரா, வழக்கமான மாத்திரைகளைத் தொடரச் சொல்கிறாரா என்று பார்க்கச் சொல்வதே இத்துண்டறிக்கை. மார்பில் ஆழக் குத்தினால் நுரையீரலே துளைபடலாம். கீமோதெரபிக்குப் பின் வரும் குமட்டல், நாள்பட்ட முதுகுவலி போன்றவற்றில் சிலருக்குத் தணிவு கிடைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நீரிழிவு மாத்திரைக்கு அக்குபங்சர் மாற்றன்று. எனவே ‘நுண்ணூசிச் சிகிச்சை’, ‘சிகிச்சையாளர்’ என்று எழுத விரும்புகிறேன்.

முலுண்டிலிருந்து

‘சிகிச்சை’ வடசொல். பண்டுவம் இருக்க அதை ஏன் நாட வேண்டும்?

செம்பூரிலிருந்து

தாராவித் தமிழரில் பலர் நெல்லைக்காரர்கள். பண்டுவம் என்றால் அவர்களுக்கு மாட்டு வைத்தியரும் நினைவுக்கு வருவார். ‘மருத்துவம்’ என்ற சொல் வேண்டாம் என்பதற்கான காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘சிகிச்சை’க்கு என் ஒப்புதல்.

சயானிலிருந்து

மூவர் தனிமடலில் ஒப்புதல் தந்துள்ளனர்; மற்றவர்களிடமிருந்து மறுமொழி இல்லை. தலைப்பில் ‘அக்குபங்சர்’ என்றும், உள்ளே ‘நுண்ணூசிச் சிகிச்சை’ என்றும் போட்டு இன்றிரவே அனுப்புகிறேன்.

முலுண்டிலிருந்து

அனுப்புங்கள். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பின்போது பண்டுவத்தை மறுபடி முன்வைப்பேன்.