உதவி: பிஸ்டல் பிடி செட் ஆகவில்லை, அவசரம்

குறிதவறி:
ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது. எப்படிப் பிடித்தாலும் குண்டு நடுவில் இருக்கிற 10-ஐ விட்டு 8-ஆம் வளையத்துக்குப் போகிறது. பிடியை எப்படி மாற்றிப் பிடிப்பது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பத்துக்குப்பத்து:
என்ன பிஸ்டல்? 10 மீட்டரா, 25 மீட்டரா? வலது கையா, இடது கையா? 8 என்றால் மேலேயா, கீழேயா, பக்கவாட்டிலா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

ஈயமணி:
முதலில் பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைப் பாருங்கள். தலை அளவு 4.49, 4.50 மில்லிமீட்டர் ரெண்டிலும் ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

பழைய_ஷூட்டர்:
பெல்லட் மாற்றினால் 10 மீட்டரில் 8 வந்து 10 ஆகிவிடுமா மணி? தம்பி, மேட்சுக்கு முந்தின வாரம் பிடியை மாற்ற வந்திருக்கிறீர்கள். நாங்கள் பழகிய காலத்தில் வெறும் சுவரைப் பார்த்து மாசக்கணக்கில் டிரை ஃபயரிங், அதாவது குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது, செய்தோம். இப்போது எல்லாருக்கும் ஒரே நாளில் பதில் வேண்டும்.

சுடர்_கோவை:
ரெண்டு கையாலும் பிடித்து, கட்டை விரல் ரெண்டையும் முன்னால் நீட்டிப் பாருங்களேன். வீடியோவில் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

பத்துக்குப்பத்து:
அது வேறு போட்டி சுடர். இங்கே ஒரே கைதான். மணிக்கட்டுக்குக்கூட எந்த முட்டும் இருக்கக் கூடாது.

குறிதவறி:
10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஸ்டெயர் எல்பி10, வலது கை. குண்டு இடமும் வலமும் சிதறுகிறது, மேலே கீழே போவதில்லை. ஆரம்பத்தில் இடது பக்கம், கடைசிச் சுற்றுகளில் வலது பக்கம். பழைய_ஷூட்டர் சார், தம்பி இல்லை, தங்கச்சி 🙂

பத்துக்குப்பத்து:
இப்போது விஷயம் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள், ரெண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். ரியர் சைட் (பின்பக்கக் குறிகாட்டி) பள்ளத்துக்குள் பிரண்ட் சைட் (குழல் முனையிலுள்ள குறிகாட்டி) எங்கே நிற்கிறது? அப்புறம், கைப்பிடி என்ன சைஸ்?

குறிதவறி:
வலது ஓரத்தில் நிற்கிறது. கைப்பிடி எல் சைஸ். கிளப் பிஸ்டல்தான், சொல்லவில்லையா? ட்ரிக்கரில் விரல் நுனி மட்டும்தான் படுகிறது.

பத்துக்குப்பத்து:
சரியாப் போச்சு. உங்கள் கைக்குக் கைப்பிடி பெரிது. விரல் எட்டாததால் கையை வலது பக்கமாகச் சுற்றிப் பிடிக்கிறீர்கள், அதனால் குழல் வலப்பக்கம் பார்க்கிறது. அதை மணிக்கட்டை மடக்கி நேராக்குகிறீர்கள். கை சோர்ந்ததும் மடக்கு விட்டுப்போகும், குண்டு வலது பக்கம். ஆரம்பத்தில் நுனி விரல் ட்ரிக்கரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, குண்டு இடது பக்கம்.
முதலில் ட்ரிக்கர் பிளேடை, அதாவது விரல் படுகிற தகட்டை, அது நகருகிற தண்டில் பின்னால் தள்ளுங்கள், முதல் கணுவின் நடுச்சதை படுகிற அளவுக்கு. ஆள்காட்டி விரல் கைப்பிடி மரத்தில் எங்கேயும் உரசக் கூடாது. அழுத்தம் நடு விரல், மோதிர விரல் ரெண்டிலும் நேர் பின்னால் இருக்கட்டும். சுண்டு விரலும் கட்டை விரலும் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் கைப்பிடித் திருகைத் தளர்த்தி, குழலை ஒரு பொட்டு இடது பக்கம் திருப்பிவிட்டு, கண்மூடிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிரண்ட் சைட் நடுவுக்கு வரும்வரை இதே வேலை.

எம்சீல்_ராஜா:
இதற்கு எதற்கு இவ்வளவு? கைப்பிடியைத் தேய்த்துவிட்டு, இடைவெளி உள்ள இடத்தில் எம்-சீல் அப்பி, கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு அழுத்து அழுத்துங்கள். உங்கள் கைக்கே அச்சு கிடைக்கும்.

பழைய_ஷூட்டர்:
கிளப் பிஸ்டலைத் தேய்க்கச் சொல்கிறார். அடுத்த ஆள் என்ன செய்வான்? அதோடு பூச்சு பூசினால் மேட்சுக்கு முன்னால் பிஸ்டலைச் சோதிக்கிற கண்ட்ரோலில் தூக்கி எறிவார்கள்.

எம்சீல்_ராஜா:
எந்த விதியில் இருக்கிறது? பூச்சுக்குத் தடை இல்லை. கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, உள்ளங்கையின் அடிப்பக்கம் உட்காருகிற அடித்தட்டின் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, மொத்தப் பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டியில் அடங்க வேண்டும். அவ்வளவுதான்.

மரத்தூள்:
விதி சரி. ஆனால் எம்-சீல் காய்ந்தால் கல். தப்பாகிவிட்டால் தேய்த்துச் சரிசெய்வதற்குள் உயிர் போகும். மர மக்குதான் (வுட் பட்டி) நல்லது.

எம்சீல்_ராஜா:
மர மக்கு வியர்வையில் உதிரும். சென்னை வெயிலில் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஈயமணி:
பெல்லட்டை யாருமே கணக்கில் எடுக்க மாட்டீர்களா?

பத்துக்குப்பத்து:
தங்கச்சி, கிளப் கைப்பிடியில் கை வைக்காதீர்கள். எஸ் சைஸ் இருக்கிறதா என்று கோச்சிடம் கேளுங்கள். அடித்தட்டை இறுக்கி மேலேற்றுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அதுவும் வேண்டாம். கை லேசாக உட்கார்ந்தால் போதும். ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் கீழே போய்விடாமல், மாற்றியதும் எடை வைத்துப் பாருங்கள்.

குறிதவறி:
கோச்சிடம் கேட்டு ட்ரிக்கரைப் பின்னால் தள்ளினோம். இப்போது 9-க்குள் வருகிறது. எஸ் கைப்பிடி மேட்சுக்கு அப்புறம்தான் கிடைக்குமாம். நன்றி அண்ணா.

மரத்தூள்:
சென்னையில் இல்லை, தூத்துக்குடியில் சுடுகிறேன் ராஜா. அங்கே இன்னும் மோசமான புழுக்கம். மக்கின் மேல் வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் உதிராது.

எம்சீல்_ராஜா:
வார்னிஷ் அடித்தால் வழுக்கும்.