மறு: ‘அக்ரோ’வுக்குத் தமிழ் – ‘கறுவு’ என்பதே என் வாக்கு

குழும நண்பர்களுக்கு வணக்கம். கணினி ஆட்டங்களில் எதிரி யார் மேல் பாய்கிறது என்பதைப் பேசும்போது வருகிற ‘அக்ரோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் எதைப் போடலாம் என்ற விவாதத்துக்கு என் பதில் இது. மேற்கோள்கள் உங்கள் மடல்களிலிருந்து.

> ‘அக்ரோ’வை அப்படியே வைத்துக்கொள்ளலாமே. விளையாடுகிற பிள்ளைகள் அதைத்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். பலர் இணையத்தில் சேர்ந்து ஆடுகிற வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் நான் போர்வீரன். முன்னால் நின்று அடி வாங்குகிற வேலை எனக்கு. எங்கள் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் குரல் அரட்டை பெரும்பாலும் தமிழில்தான் நடக்கும். புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் அவருக்கு ‘அக்ரோ’வை விளக்க வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் விளக்கம் ஒரே இடத்தில் சிக்குகிறது. அந்த ஒரு சொல்லில் நாம் இரண்டு பொருள்களைத் திணித்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, எதிரி ஒவ்வோர் ஆட்டக்காரர் மேலும் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டே போகும் கணக்கு. இன்னொன்று, இந்த நொடியில் அது யாரை அடித்துக்கொண்டிருக்கிறது என்கிற நிலை. ஆங்கிலத்தில் முதலாவது ‘த்ரெட்’, இரண்டாவது ‘அக்ரோ’. பேச்சில் அவர்களும் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். நாம் ‘அக்ரோ’வை மட்டும் கடன் வாங்கினால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும். இந்த ஆட்டத்தில் தோற்கிற புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் என்பது என் எண்ணம்.

சொல்லைப் பேசுவதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். விளையாடாதவர்களும் இந்தக் குழுமத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் எதிரிக்கு ஒரு புள்ளி சேதம் கொடுத்தால் உங்கள் பெயரில் ஒரு புள்ளி ஏறும். போர்வீரன் தற்காப்பு நிலையில் நின்று அடித்தால் அது 1.3 மடங்காக ஏறும். ரோக் (பதுங்கிக் குத்துகிற பாத்திரம்) அடித்தால் 0.71 மடங்குதான். காயம் ஆற்றுகிறவர் பெயரிலும் ஏறும்: ஆற்றிய அளவில் பாதி, களத்தில் இருக்கும் எதிரிகள் எல்லோருக்கும் சமமாகப் பிரிந்து. அளவுக்கு மிஞ்சி ஆற்றிய பங்கு கணக்கில் சேராது.

இப்போது கணக்கில் நான் 1000-ல் இருக்கிறேன், எதிரி என்னை அடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று குத்துகிற ரோக் 1001-ஐத் தொட்டவுடன் அது அவர் பக்கம் திரும்பாது. 1100-ஐத் தாண்ட வேண்டும். தொலைவில் நின்று மந்திரம் போடுகிற மேஜுக்கு இன்னும் இடம் உண்டு, 1300 வரை. அதே மேஜ் தெரியாமல் எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டால் அவருடைய வரம்பும் 1100-க்கு இறங்கிவிடும். மந்திரம் போடுகிறவர்களைத் தள்ளி நில்லுங்கள் என்று நாங்கள் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த மேஜ் 1300-ஐத் தாண்டிவிட்டார், எதிரி அவரிடம் ஓடுகிறது என்றால் அடுத்து என்ன? நான் மறுபடி 1300-ஐ எட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இப்போது எல்லைக்கோடு மேஜின் எண்ணிலிருந்து போடப்படுகிறது, அதனால் எனக்கு 1430 வேண்டும். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் மேஜ் தரையில் கிடப்பார். இந்த இடத்துக்காகவே போர்வீரனுக்கு ‘டான்ட்’ என்றொரு திறன் இருக்கிறது. அதை அடித்தால் என் எண் ஒரே நொடியில் மேஜின் எண்ணுக்குச் சமமாகி, எதிரி என் பக்கம் திரும்பும். மேஜ் திரும்பவும் அதை இழுக்க வேண்டுமானால் 1690 ஆக வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> ‘கோபம்’ அல்லது ‘ஆத்திரம்’ என்றால் குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கோபம் ஆறும், ஆத்திரம் அடங்கும். இந்த ஆட்டத்தில் அந்தக் கணக்கு நேரம் போகப்போகக் குறைவதே இல்லை. சண்டை தொடங்கிய முதல் நொடியில் நீங்கள் அவசரப்பட்டு விட்ட பெரிய மந்திரம், சண்டை முடியும்வரை உங்கள் பெயரிலேயே நிற்கும். ‘கொஞ்ச நேரம் சும்மா இருந்தேனே, கோபம் தணிஞ்சிருக்கும்னு நினைச்சேன்’ என்று ஒரு புதிய தம்பி சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, நாம் கொடுத்த சொல் அவரை அப்படி நினைக்க வைத்தது. சும்மா இருப்பதால் கிடைக்கிற ஒரே பயன், அந்த நேரத்தில் மற்றவர்கள் எண் ஏறுவதுதான்.

ஆறாமல் உள்ளே வைத்துக்கொண்டே இருக்கிற பகைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கறுவு. ‘அன்னைக்கு அடிச்சதை மனசுல வச்சுக் கறுவிக்கிட்டே இருக்கான்’ என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். சேர்த்து வைப்பது, ஆள் பார்த்து வைப்பது, காலம் போனாலும் மறக்காதது: மூன்றும் அதில் இருக்கின்றன. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பிய உரியியலே இந்த வேரைச் சினத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது.

> ‘செற்றம்’ இருக்கிறதே, நெடுநாள் பகை என்றே பொருள்.

ஐயா, அழகான சொல், பொருளும் பொருந்துகிறது. ஆனால் என் அளவுகோல் ஒன்று உண்டு. நாற்பது பேர் நிற்கிற களத்தில், டிராகன் உறுமிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் அதைக் கத்திச் சொல்ல முடிய வேண்டும், கேட்கிறவருக்கு உடனே கை நிற்க வேண்டும். ‘உன் கறுவு ஏறுது, நிறுத்து’ என்று சொல்லலாம். ‘உன் செற்றம் ஏறுது’ என்றால் கேட்பவர் ஒரு நொடி யோசிப்பார், அந்த ஒரு நொடி எங்களுக்குக் கிடையாது. ‘அச்சுறுத்தல்’ என்று நேராக மொழிபெயர்த்தவருக்கும் இதுதான் பதில்: அதைச் சொல்லி முடிப்பதற்குள் சண்டை முடிந்துவிடும்.

‘வன்மம்’ என்று சொன்னவர்கள்தான் என்னை நன்றாக யோசிக்க வைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆறாத பகை என்ற பொருளும் உண்டு. இரண்டு காரணங்களால் விடுகிறேன். சமூக ஊடகத்தில் அது ஆளுக்கு ஆள் வீசிக்கொள்கிற வசவாகிவிட்டது, ஆட்டத்துக்குள் எண்ணாக வைத்தால் அந்த வாடையும் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய காரணம், அதற்கு வினை கிடையாது. கறுவுக்கு உண்டு: கறுவுகிறது, கறுவியது, கறுவும். ‘டிராகன் இப்போ ரெண்டு பேரைக் கறுவுது’ என்று ஒட்டுச்சொல் எதுவும் இல்லாமல் சொல்லிவிடலாம். கலைச்சொல்லை வினையாக்க முடிந்தால் அது பேச்சில் தானாக ஓடும்.

‘கறுவு’க்கு எதிராக ஒரே ஒரு மறுப்பு நியாயமானது. தமிழ்நாட்டுப் பேச்சில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிட்டதால் காதுக்குக் ‘கருவி’யோடு குழம்பும் என்கிறார்கள். ஆயுதங்களை நாங்கள் யாரும் கருவி என்று சொல்வதில்லை, வாள் வாள்தான், கோடாரி கோடாரிதான். களத்தில் அந்தக் குழப்பம் வராது.

இரண்டாவது பொருளுக்கு, எதிரி இப்போது யாரிடம் என்கிற நிலைக்கு, புதுச்சொல் எதுவும் வேண்டாம். ‘நான் பிடிச்சுக்கறேன், நீங்க அடிங்க’ என்று நாங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே ‘பிடி’. பிடி என்னிடம் இருக்கிறது, பிடி நழுவுகிறது, பிடி மாறிவிட்டது. ‘குறி’, ‘பார்வை’ என்றெல்லாம் பட்டியலில் பார்த்தேன். ‘பார்வை’ தப்பாக வழிகாட்டும். மந்திரம் ஏவும்போது சில தலைமை எதிரிகள் ஒரு நொடி வேறு யாரையோ பார்த்துவிட்டுத் திரும்புவார்கள், பிடி அப்போதும் தாங்கியிடம்தான் (முன்னால் நின்று அடி வாங்குகிற ‘டேங்க்’) இருக்கும்.

கறுவு, பிடி என்று பிரித்த பிறகு விதி ஒரே வரியில் அடங்குகிறது: பிடியில் இருப்பவரின் கறுவை அருகில் நிற்பவர் பத்தில் ஒரு பங்கும், தொலைவில் நிற்பவர் பத்தில் மூன்று பங்கும் தாண்டினால் பிடி மாறும். ‘அக்ரோ’வை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

‘டான்ட்’டுக்குச் ‘சீண்டல்’ என்று முன்பே முடிவாகிவிட்டது, எனக்கு முழுச் சம்மதம். ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும். சீண்டல் சில நேரம் பலிக்காது, சில தலைமை எதிரிகளைச் சீண்டவே முடியாது. அதை நம்பி யாரும் அளவுக்கு மீறி அடிக்கக் கூடாது.

> தம்பி, எங்கட பக்கம் தாங்கி எண்டால் தண்ணீர்த் தாங்கி, இல்லாட்டி யுத்த தாங்கி. ஆளைத் தாங்கி எண்டு சொன்னால் சிரிப்பினம்.

அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் நான் ஆதரவாக எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்திலும் தண்ணீர்த் தொட்டிக்கும் போர் வண்டிக்கும் முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கும் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்தான். இலங்கைத் தமிழ் அதில் இரண்டை ஏற்கெனவே ‘தாங்கி’ ஆக்கிவிட்டது, மூன்றாவதை நாம் சேர்க்கிறோம். குறளில் படைமாட்சி அதிகாரத்தில் ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்று வருகிறது. தார் என்பது எதிரியின் தூசிப்படை, முதலில் வந்து மோதுகிற படை. அதைத் தாங்கிக்கொண்டு முன்னேறுவதே எங்கள் வேலை. ஒலியும் பொருளும் இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

சொற்கள் மற்ற ஆட்டங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-ல் வைத்துப் பார்த்தேன். அங்கே ‘ஷர்க்’ என்றொரு திறன் தாங்கிக்கு உண்டு. அதன் விளக்கம் இப்படி வரும்: ‘உங்கள் கறுவில் கால்பங்கை இன்னொருவருக்கு மாற்றும்.’ இரண்டாம் தாங்கி சீண்டியவுடன் முதல் தாங்கி அவர் மேல் இதைப் போட்டால் பிடி இரண்டாமவரிடமே நிலைக்கும். சொல் இடறவில்லை. 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் இந்தக் கணக்கை ‘வெறுப்பு’ என்ற பொருளில் வழங்கியது, சீன ஆட்டக்காரர்களின் சொல்லுக்கும் பகை, வன்மம் என்றே பொருள். கொரிய மொழி மட்டும் ‘அக்ரோ’வை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று அங்கே அது ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, ஊர் கவனத்தை இழுப்பதற்காக வம்பு செய்வதைக் குறிக்கும் பொதுச்சொல்லாகியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. புதிய வார்கிராஃப்டில் தாங்கிகளின் கறுவு மிக வேகமாக ஏறும்படி வைத்துவிட்டார்கள், யாரும் யாரையும் பார்க்காமல் அடித்துத் தள்ளலாம். 2004-ல் வந்த ஆட்டத்தில், 2019-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்த கிளாசிக்கில், அப்படி இல்லை. அந்தப் பழைய நாளில் கறுவைத் திரையில் காட்டவே மாட்டார்கள், ஆட்டக்காரர்கள் தாங்களே கணித்துக் காட்டும் கூடுதல் நிரல்களை எழுதிக்கொண்டார்கள். அடிக்கிறவர் தாங்கியைக் கவனித்து அடிக்க வேண்டும், ஆற்றுகிறவர் எப்போது ஆற்றக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்ததே அதுதான்.

காயம் ஆற்றுகிற பிரீஸ்டாக விளையாடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தாங்கி நான்கு எதிரிகளை இழுத்து வருகிறார், இன்னும் ஒன்றைத்தான் அடித்திருக்கிறார். நீங்கள் அவசரத்தில் 800 புள்ளி ஆற்றுகிறீர்கள். பாதி 400, நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 100. தாங்கி தொடாத மூன்று எதிரிகளின் கணக்கிலும் முதல் பெயர் உங்களுடையது, மூன்றும் உங்களிடம் வரும். தாங்கி எல்லாவற்றையும் ஒரு சுற்று தொடும்வரை பொறுங்கள். வந்துவிட்டால் ‘ஃபேட்’ என்ற உங்கள் திறனைப் போடுங்கள், ஆனால் அது கறுவைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கிறதே தவிர அழிப்பதில்லை, நேரம் முடிந்ததும் முழுவதும் திரும்பி வரும். ரோக்கின் ‘வானிஷ்’, வேட்டைக்காரரான ஹன்டரின் ‘ஃபெய்ன் டெத்’ ஆகிய திறன்கள் இரண்டும்தான் உண்மையில் துடைப்பவை. அகராதியில் முன்னதைக் ‘கறுவு மறைப்பு’ என்றும் பின்னவற்றைக் ‘கறுவு துடைப்பு’ என்றும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தின் இரண்டு அணிகளில் ஒன்றான அலயன்ஸ் பக்கத்துப் பாலடின் என்ற பாத்திரம் தரும் சால்வேஷன் ஆசி கறுவை 30 சதவீதம் குறைவாக ஏற வைப்பது, அது ‘கறுவு தணிப்பு’.

பிடி தன்னிடம் வந்துவிட்டால் எல்லோரும் செய்கிற தப்பு, ஓடுவது. தாங்கியை விட்டு ஓடினால் அவர் அடி எதிரிக்கு எட்டாது, சீண்டலும் எட்டாது. அடிப்பதை நிறுத்திவிட்டுத் தாங்கியை நோக்கி ஓடி வாருங்கள்.

ஓனிக்சியா என்ற டிராகனின் குகைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். உயிர் 65 சதவீதத்துக்கு இறங்கியதும் அவள் பறக்கத் தொடங்குகிறாள், 40-ல் தரையிறங்குகிறாள். இறங்கியவுடன் எல்லோரும் மகிழ்ச்சியில் முழுவேகத்தில் அடிப்பார்கள். அந்த நேரத்தில் தாங்கி புதிதாகக் கறுவு சேர்க்க வேண்டியிருக்கும், அதற்குள் பிடி ஒரு மேஜிடம் போய்விட்டால் டிராகனின் முகம் மொத்தக் குழுவின் பக்கம் திரும்பி, அவள் ஊதுகிற நெருப்பு எல்லோர் மேலும் விழும். முகத்தை வடக்குச் சுவர்ப் பக்கம் நிறுத்தி, மற்றவர்கள் பக்கவாட்டில் நின்று, தாங்கி ‘ம், அடிங்க’ என்று சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

பட்டியலில் எனக்கு விடை தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. யாரும் அடிக்காமலே, கிட்டே நடந்து போனதற்கே எதிரி பாய்ந்து வருகிறதே, அந்தத் தூரத்தையும் ஆங்கிலத்தில் ‘அக்ரோ’ கணக்கில்தான் சேர்க்கிறார்கள். எதிரியின் படிநிலை (லெவல்) நம்மைவிட உயர்ந்திருந்தால் அந்தத் தூரம் கூடும், தாழ்ந்திருந்தால் குறையும். அங்கே இன்னும் கறுவே தொடங்கவில்லை, ஆகவே ‘கறுவு எல்லை’ என்று போட முடியாது. ‘மோப்ப எல்லை’ என்று எழுதிப் பார்த்தேன், எலும்புக்கூடுகளுக்கு மோப்பம் ஏது என்று வீட்டில் கேட்டார்கள். ‘கண்படு தூரம்’ என்று எழுதினால் பின்பக்கமாகப் போனாலும் அது பாய்வதை விளக்க முடியவில்லை. ஐயாவும் அக்காவும் இதற்கு ஒரு சொல் யோசியுங்கள். மூன்றெழுத்துக்குள் இருந்தால் நல்லது, கத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்புடன்,
குழும உறுப்பினன்