பழைய ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர். தயாரித்த நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. சரி, ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றலாம் என்று பார்த்தால், நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை (உள்மென்பொருளை) ரவுட்டர் ஏற்க மறுக்கிறது. மூடியைக் கழற்றி, பலகை ஓரத்து சீரியல் துளைகளில் கம்பி பற்றவைத்து, கணினியுடன் 115200 பாட் வேகத்தில் இணைத்தேன். திரையில் எழுத்துகள் ஓடுகின்றன, ஆனால் பூட்லோடரை (தொடங்கியதும் முதலில் ஓடும் நிரல்) நிறுத்த எந்த விசையும் பலிக்கவில்லை.

உள்ளே ஓடுவது லினக்ஸ்தான். லினக்ஸின் ஜிபிஎல் உரிமப்படி (மென்பொருளை விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டும்) நிறுவனத்திடம் மூலநிரல் கேட்டு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. (2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை இப்படிக் கேட்டு வாங்கியதில்தானே ஓபன்டபிள்யூஆர்டியே பிறந்தது!)

ஃபர்ம்வேர் இருக்கும் எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா? சிஎச்341ஏ கருவி (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் யுஎஸ்பி கருவி) இருக்கிறது. அதன் தரவுக் கால்களில் 5 வோல்ட் வருகிறது, சிப்போ 3.3. அப்படியே மாட்டலாமா? முதலில் பழையதை நகலெடுக்க வேண்டும் என்பது வரை தெரியும். அதற்கு மேல் கை நடுங்குகிறது.