மறு: ‘தாழ்மிதி’ என்ற ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பழுதறியும் அட்டவணையில் பிரேக் பக்கம் மட்டும் முடியாமல் நிற்கிறது. பிரேக் மிதி, அதாவது பெடல், கீழே போய்விடும் பழுதுகளுக்கெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லாக மன்னார்குடி ஐயா ‘தாழ்மிதி’ என்றார். பெரும்பாலோர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். சொல் அழகானது, சுருக்கமானது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

தாழ்மிதி வினைத்தொகை. தாழ்ந்த, தாழ்கின்ற, தாழும் மூன்றும் அதற்குள் அடக்கம். காலம் கரந்து நிற்பதே அதன் சிறப்பு. பிரேக் பழுதிலோ காலம்தான் துப்பு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசிடர் ஒன்றில் ஏறி உட்காருங்கள். மிதியை அழுத்தினால் வெகுவாகக் கீழே போய்த்தான் பிடிக்கிறது. பிடித்த இடத்தில் கெட்டியாக நிற்கிறது. உடனே இன்னொரு முறை அழுத்தினால் சற்று மேலேயே பிடிக்கிறது. இது தாழ்ந்த மிதி. சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கிறது. ஷூவின் மேலுறையான லைனிங்கில் இன்னும் கனம் இருந்தால், இடைவெளியைச் சரிசெய்யும் திருகை முடுக்கினாலே தீர்ந்துவிடும்.

இன்னொரு வண்டியில் மிதி மேலேயே பிடிக்கிறது. ஆனால் காலை எடுக்காமல் அதே அழுத்தத்தில் வைத்திருந்தால், பாதத்துக்கு அடியில் மெல்ல மெல்ல நழுவித் தரைவரை போகிறது. இது தாழ்கின்ற மிதி. குழாயிலோ சக்கரத்தருகிலோ கசிவு இல்லையென்றால், மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து, எண்ணெய் அதைத் தாண்டிப் பின்னால் போகிறது என்று பொருள். இந்த வண்டியைச் சாலைக்கு அனுப்பவே கூடாது. அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. அது கைவிட்டால் மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. இந்த இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து மாணவன் கையில் கொடுக்கலாமா?

தொகையை விரித்துவிடுவோம்: ‘தாழ்ந்த மிதி’, ‘இறங்கும் மிதி’. இரண்டாவதற்கு வேறு வினையை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ‘பெடல் இறங்குகிறது’ என்பது பட்டறையில் அன்றாடம் புழங்கும் பேச்சு.

குடந்தை அம்மையார், தாழ் என்றால் தாழ்ப்பாள், ‘அடைக்குந்தாழ்’ என்று குறளே சொல்கிறது, ஆகவே தாழ்மிதி என்பது பூட்டிக்கொண்ட மிதி என்றாகிவிடும் என்றார். பட்டறையில் அந்த ஐயம் யாருக்கும் எழாது. நாகை நண்பர் அங்கிருந்து ‘தாள்’ என்ற சொல்லுக்குத் தாவி, தாள் என்றால் பாதம், ஆகவே பெடலுக்குத் ‘தாட்கட்டை’ என்றார். குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடுவதால் தாளடி. பயிரின் காலும் தாள், வள்ளுவர் தொழச் சொன்ன ‘நற்றாளு’ம் தாள் என்று அவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் மாணவனுக்குத் தாள் என்றால் வினாத்தாள்தான். சைக்கிள் மிதித்து வருகிறவனுக்கு ‘மிதி’ போதும்.

மூன்றாவது பழுதுக்குப் ‘பஞ்சுமிதி’ என்பதில் எனக்குத் தடையில்லை. மெத்தென்று அமுங்கி, விட்டு விட்டு நாலைந்து முறை அழுத்தியதும் ஏறி இறுகினால் குழாயில் காற்று. ‘கடற்பஞ்சுமிதி’ வேண்டாம், உவமைத்தொகைக்கு நம் ஊர்ப் பஞ்சே போதும். இதன் காரணங்களில் ஈரத்தையும் சேர்க்கவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 3’ என்ற தரத்துப் பிரேக் எண்ணெயின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140. டெல்டாவின் சமதரையில் இது வெளியே தெரியாது. அதே வண்டி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேரும், மிதி பஞ்சாகிவிடும். காற்றை வெளியேற்றுவதற்குக் ‘காற்றெடுப்பு’ என்று முன்பே முடிவாகிவிட்டது.

மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

மறுக்கிறேன். ஊறுகாய் ஊறியதா, ஊறுகிறதா, ஊறுமா என்று யாரும் கேட்பதில்லை. இடம் நோக்கிப் புரிந்துகொள்கிறோம். ‘தாழ்ந்த மிதி’ ஒரு விளக்கம், அது கலைச்சொல் ஆகாது. விளக்கங்களையே சொற்கள் என்று அச்சிட்டால் தமிழில் சொல்லாக்கம் என்றைக்கு நடக்கும்? அட்டவணையில் உங்கள் விருப்பப்படி போடுங்கள். பின்னிணைப்புச் சொல்லடைவில் தாழ்மிதியை விடக் கூடாது.

தஞ்சையிலிருந்து, கையேட்டுப் பொறுப்பில்:

அட்டவணையில் தாழ்ந்த மிதி, இறங்கும் மிதி, பஞ்சுமிதி என மூன்று வரிசை. சொல்லடைவில் தாழ்மிதி, முதல் இரண்டுக்கும் பொதுப்பெயராக. ‘பிரேக்’ அப்படியே இருக்கிறது. ‘நிறுத்தி’ கேட்டவர்கள் அடுத்த பதிப்பு வரை பொறுத்துக்கொள்ளவேண்டும். பக்கத்தை இன்றிரவே அனுப்பிவிடுகிறேன்.