ஏர் பிஸ்டல் மேகசின் உடைந்துவிட்டது, செய்து தரும் பட்டறை தெரியுமா?

வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தாய்மாமா துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பயன்படுத்திய ஸ்டெயர் எல்பி 5 ஏர் பிஸ்டல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் செய்தது, 4.5 மி.மீ. ஈயக் குண்டு. இப்போது இந்த மாடல் வருவதில்லை.

போன வாரம் அதன் மேகசின் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்துவிட்டது. குண்டுகளை வைக்கும் ஐந்து துளை கொண்ட சின்னப் பட்டை அது. ஒவ்வொரு முறை சுட்டதும் ஒரு துளை அளவு நகர்ந்து, அடுத்த குண்டைக் குழலுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். நகர்த்தும் பல் ஒன்று முறிந்துவிட்டது, ஓரத்தில் விரிசலும் இருக்கிறது. துளை மயிரிழை விலகினாலும் குண்டின் விளிம்பு சீவப்பட்டுக் குறி தப்பும். பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை.

இங்கே விசைப்படகுக்கு ஷாஃப்ட் கடைந்து தரும் லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். நல்ல கைவேலைக்காரர். "தம்பி, இது என் மிஷினுக்கு ரொம்பச் சின்னது, கோயம்புத்தூர்ல கேளு" என்றார்.

கோவையிலோ மதுரையிலோ ஒரே ஒரு பீஸ் என்றாலும் அளவெடுத்து சிஎன்சியில் (கணினி இயக்கும் கடைசல் மிஷினில்) செய்து தருபவர் யாராவது தெரியுமா? பழைய மேகசின் விற்பவர் இருந்தாலும் சொல்லுங்கள். குண்டு பாயும் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல்தான், உரிமம் தேவையில்லை. பட்டறைக்காரர்கள் தயங்குவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், இந்தக் கடல் காற்றில் துருப் பிடிக்காமல் வைக்க நீங்கள் என்ன எண்ணெய் போடுகிறீர்கள்? மாமா கொடுத்த பொருள், கெடவிட மனமில்லை.