காரணம் சொல்லும் வில்லனும் வாய் திறக்காத வில்லனும்

நெய்தல்வாசி:
ஆங்கில இலக்கியத்தில் தீயவர்களைச் சித்திரிக்கும் முறை காலப்போக்கில் ஆழப்பட்டிருக்கிறது என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் முடியும் தறுவாயில், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கும்போது, ‘என்னை எதுவும் கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான்’ என்று, ஒத்தெல்லோவைத் தூண்டிவிட்டு அவன் மனைவியையே கொல்லவைத்த இயாகோ வாயை மூடிக்கொள்கிறான். சித்திரவதை உன் வாயைத் திறக்கும் என்று மிரட்டியும் அவன் பேசுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவல் தொடங்கி, தீங்கு செய்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு துயரக் கதை தேவைப்பட்டுவிட்டது. பழி மெல்ல மெல்லப் பெற்றோர் தலையிலும் சமூகத்தின் தலையிலும் ஏற, குற்றவாளி வெறும் விளைவாகச் சுருங்கிவிடுகிறான்.

பனையோலை:
இயாகோ காரணமே சொல்லவில்லை என்பது போன்ற தோற்றத்தைத் தருகிறீர்கள். தனக்கு வரவேண்டிய பதவி சக வீரன் காசியோவுக்குப் போய்விட்டது என்கிறான். தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு இருந்ததாகக் கேள்வி என்கிறான். பிறகு காசியோவின் மீதும் அதே சந்தேகத்தைச் சுமத்துகிறான். நோக்கமற்ற தீமை தனக்கொரு நோக்கத்தைத் தேடி அலைகிறது என்று இதைப் படித்தவர் கவிஞர் கோல்ரிட்ஜ். அது ஒரு விமர்சகரின் பார்வை. நாடகமே அப்படித் தீர்ப்பளித்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடக நாயகனான மூன்றாம் ரிச்சர்டோ தன் முதல் தனிமொழியிலேயே, நாய்கூடக் குரைக்கும் தன் உருவக் குறையைச் சொல்லி, காதலனாக முடியாததால் வில்லனாகிறேன் என்று விளக்கம் கொடுத்துவிடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. தீமைக்கு விளக்கம் தேவையில்லை என்று ஓர் எழுத்தாளர் கருதும்போது, அதற்குப் பதிலாக அவர் கையில் எடுப்பது பெரும்பாலும் உடற்குறையையோ பிறப்பையோதான். மார்லோவின் ‘மால்ட்டா யூதன்’ நாடகத்து வில்லன் பராபாஸ் அப்படி வந்தவன். 1837 முதல் 1839 வரை தொடராக வந்த டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் திருட்டுக் கும்பலை நடத்தும் ஃபேகினும் அப்படியே. டிக்கன்ஸ் அவனைப் பெயர் சொல்லாமல் ‘அந்த யூதன்’ என்றே நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதியிருந்தார். எலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி 1863இல் அவருக்கே கடிதம் எழுதி ஆட்சேபித்த பிறகுதான், 1867 பதிப்பில் பல இடங்களில் அதை நீக்கினார்.

நெய்தல்வாசி:
ஃபேகின் விஷயத்தில் நடந்தது இனவெறுப்பு என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் அதே நாவலில் பில் சைக்ஸ் என்ற கொள்ளைக்காரன் இருக்கிறானே! அவனுக்கு இனமும் ஒட்டப்படவில்லை, இளமைப் பருவமும் எழுதப்படவில்லை. தன் காதலி நான்சியைக் கொன்றுவிட்டு ஓடும்போது அவளுடைய கண்கள் அவனைத் துரத்துவதை டிக்கன்ஸ் பக்கம் பக்கமாக எழுதினாரே தவிர, அவன் எப்படி இவ்வாறு ஆனான் என்று எழுதவில்லை. திருத்தவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன மனிதர்கள் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று 1841 முன்னுரையில் அவரே வாதாடியிருக்கிறார். பிற்காலத்தில் பரிகாரமாகப் படைத்த ரியா என்ற நல்ல யூதர் பாத்திரமோ, என் பார்வையில், உயிரில்லாத பொம்மை.

முற்றத்து வேம்பு:
இருவரும் மில்டனைத் தாண்டிப் போய்விட்டீர்கள். 1667இல் வந்த அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் சாத்தான் முதல் இரண்டு காண்டங்களில் நம்மை மயக்கிவிடுகிறான், மில்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சிக்காரர் என்று கவிஞர் பிளேக் எழுதியதும் அதனால்தான். பத்தாம் காண்டம் வரை பொறுமையாகப் படிப்பவர் குறைவு. ஏவாளை ஏமாற்றி வென்று திரும்பி நரகத்தில் கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான், வருவதோ சீறல். அவனும் பாம்பாகித் தரையில் விழுகிறான். அவன் தரப்பை முழுதாகச் சொல்லவிட்ட பிறகும் தண்டிக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பனையோலை:
நான் சொல்ல வந்ததும் அதுவே. ஷெல்லியின் அரக்கன் அந்தக் காவியத்தைப் படித்து வளர்ந்தவன். தான் நல்லவனாக இருந்ததாகவும், துயரமே தன்னைப் பேயாக்கியதாகவும் தன்னைப் படைத்த விக்டரிடம் மன்றாடுகிறான். நமக்கும் நெஞ்சு இளகுகிறது. ஆனால் அதே வாக்குமூலத்தில், விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமைக் கொன்ற கையோடு, அவன் கழுத்திலிருந்த சிறு உருவப்படத்தை, அந்த வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டினின் ஆடை மடிப்பில் செருகிவைத்ததையும் அவனே சொல்கிறான். 1831 பதிப்பில், கொட்டகையில் தூங்கிக்கொண்டிருக்கும் அவள்மேல் குனிந்து கிசுகிசுக்கவும் செய்கிறான். மில்டனின் சாத்தான், உறங்கும் ஏவாளின் காதருகே தேரைபோல் குந்தியிருந்தது நினைவுக்கு வராமல் போகாது. அந்தப் படத்தைச் சான்றாக வைத்துத்தான் ஜஸ்டினைத் தூக்கிலிடுகிறார்கள். காரணம் சொல்லப்பட்டதால் இந்தத் தீமையில் எந்தப் பங்கு குறைந்துவிட்டது?

நெய்தல்வாசி:
நீங்கள் காட்டிய இடம் என் பக்கமே சாய்கிறது. ஊரே அவனைக் கல்லால் அடித்து விரட்டியது. ஜஸ்டின் அவனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெண்களின் அன்பு தனக்கு மறுக்கப்பட்டதற்கு அவள் ஈடுகட்டட்டும் என்று அவன் சொல்லும் காரணம், காசியோவின் மீது இயாகோ கட்டும் சந்தேகத்தைப் போலவே செயலுக்கு முன் சிறுத்துப் போகிறது. ஷெல்லி அதைத் தெரிந்தே அப்படி விட்டார் என்பது என் எண்ணம். அவரைப் பின்பற்றியவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு இருந்தது என்பதைத்தான் நான் கேட்கிறேன்.